சகலரோகி சொன்ன சம்மதம்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த மூன்றாவது பெரிய காரியம், மனசாட்சிக்கென்று ஒரு தனி அறை ஒதுக்கியதுதான். அந்தப் பெருமை ஒரு பெரிய மருத்துவமனையைச் சேரும். சலவைக்கூடத்துக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவே, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டி, 'அறநெறி ஆதரவு மையம்' என்று பித்தளைப் பலகை வைத்தார்கள். நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை. நடுவில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. மற்ற நேரங்களில் யாருக்காவது நியாய அநியாயம் பற்றிச் சந்தேகம் வந்தால் மறுநாள் வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முன்பதிவு அவசியம்.

மையம் வருவதற்கு முன்னால் அங்கே நிலைமை படு மோசம். டாக்டர்களும் நர்சுகளும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, எந்தப் பயிற்சியும் இல்லாமல், எது சரி எது தப்பு என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். சிலர் நோயாளியிடமே கேட்டுவிடுவார்களாம். அப்படி ஒரு காட்டுமிராண்டிக் காலம்.

இந்த மையத்தின் பொற்காலத்தில் பெரும் பங்கு வகித்தவர் சகலரோகி. அவர் டாக்டர் இல்லை, ஊழியரும் இல்லை. சொல்லப்போனால் நோயாளியும் இல்லை. நோயாளியாக நடிப்பவர். மருத்துவ மாணவர்கள் நிஜ நோயாளியின் வயிற்றை அமுக்குவதற்கு முன்னால் இவர் வயிற்றை அமுக்கிப் பழகுவார்கள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்கவும், கேட்ட பிறகு பதிலைக் காதில் வாங்கவும் இவரிடம் பயிற்சி எடுப்பார்கள். பெயர் வைத்தவர்களும் அந்த மாணவர்கள்தான்.

முன்பு ஒரு நாடகக் குழுவில் ராஜா வேடம் கட்டிக்கொண்டிருந்தார். குழு கலைந்தது. கிரீடத்தை விற்றார். மீசையை மட்டும் வைத்துக்கொண்டார். ராஜாவாக இருந்தபோது வராத கைதட்டல் அவருக்கு மூலநோயில் வந்தது. மாரடைப்பு என்றால் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு சரிகிற அழகைப் பார்க்கப் பக்கத்து வகுப்பிலிருந்தெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னைக்கு என்ன?" என்று கேட்டபடிதான் மனைவி கதவைத் திறப்பாள்.

"குடல்வால் வீக்கம்."

"அப்ப ராத்திரிக்குச் சாப்பாடு வேணுமா, வேணாமா?"

"வேஷம் கலைச்சாச்சு. போடு."

அந்தச் சமயத்தில் ஆண்கள் வார்டில் ஓர் ஏலக்காரர் படுத்திருந்தார். பழைய மேஜை, பீரோ, கடிகாரம், மூடிய கடைகளின் மிச்சம் மீதி எல்லாவற்றையும் கூவி விற்றே வீடு கட்டி, மகனைப் படிக்க வைத்தவர். சில மாதங்களாகக் குரல் கம்மிப்போயிருந்தது. சோதித்துப் பார்த்ததில் குரல்வளையில் புற்றுநோய். வியாழக்கிழமை ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பிழைத்துக்கொள்வார், ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குரல் கிடையாது. இந்த விவரம் சர்ஜனுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், வார்டு நர்சுக்குத் தெரியும், தரை துடைக்கிறவருக்கும் தெரியும். ஏலக்காரருக்கு மட்டும் தெரியாது. 'தொண்டையில் புண், சுத்தம் செய்யப் போகிறோம்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்படிச் சொல்லும்படி மகன் கெஞ்சியிருந்தான். ஆபரேஷனுக்கான கையெழுத்தையும் அவனே போட்டிருந்தான்.

தினமும் காலையில் ஏலக்காரர் நர்சைப் பிடித்துக்கொள்வார்.

"ஏம்மா, புண்ணு சுத்தம் பண்ணறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய டாக்டர்?"

அவள் காய்ச்சல் பார்க்கிற சாக்கில் தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்துவிட்டு நழுவிவிடுவாள். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதரின் வாயைத் தெர்மாமீட்டரால் அடைக்க முடியும்? ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கூப்பிடப் பார்ப்பார், சத்தம் வராது, அப்போதுதான் அவருக்குத் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மையத்தில் முன்பதிவு செய்தாள்.

குழு கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். உண்மை பேசுவதன் அவசியம் பற்றிப் பல நாடுகளுக்குப் போய்ப் பேசியவர். அவருக்கு வலப்பக்கம் வக்கீலம்மா. இடப்பக்கம் தர மேலாளர், திறந்த பேனாவுடன். எதிரே நர்சும், 'குடும்பப் பிரதிநிதி' என்ற அட்டைக்குப் பின்னால் ஏலக்காரரின் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மாவுக்கு இதே மாதிரி வந்தப்ப டாக்டர் நேரா சொல்லிட்டாரு சார்," என்றான் மகன். "அன்னைக்குப் படுத்தவங்கதான். எழுந்திருக்கவே இல்ல. அப்பாவையும் அப்படிப் பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்ல." சொல்லும்போதே அழுதுவிட்டான். அது நடிப்பில்லை.

"நமக்கு முன்னால இருக்கிற அடிப்படைக் கேள்வி இதுதான்," என்றார் தலைவர். "தன் வியாதி தனக்குத் தெரியணும்னு நோயாளி விரும்பறாரா, இல்லையா?"

"அதை அவர்கிட்டயே கேட்டுடலாமே சார்," என்றாள் நர்ஸ்.

தலைவர் பரிதாபத்துடன் பார்த்தார். "எப்படிக் கேப்பீங்க சிஸ்டர்? 'உங்க வியாதியப் பத்தித் தெரிஞ்சுக்க விரும்பறீங்களா'ன்னு கேட்ட உடனே, தெரிஞ்சுக்க ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுடுமே! தெரியாம இருக்கிற உரிமை அவருக்குப் பறிபோயிடுமே!"

"கேக்காம விட்டா தெரிஞ்சுக்கற உரிமை பறிபோயிடும்," என்றார் வக்கீலம்மா. "ஆக, கேட்டாலும் மீறல். கேக்காட்டியும் மீறல்."

"தரச்சான்று ஆய்வுல இந்த ரெண்டுல எந்த மீறலுக்கு மதிப்பெண் கம்மியாக் குறைப்பாங்க?" என்று கேட்டார் தர மேலாளர்.

அறை அமைதியானது. இப்படி ஓர் அமைதி நிலவும்போது டீ வரவழைப்பது மையத்தின் மரபு. டீ வந்தது, போனது. கேள்வி அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சகலரோகி, மதிய வகுப்புக்கான பித்தப்பைக் கல்லுக்கு முனகிப் பார்த்துக்கொண்டிருந்தார். முனகல் ஏசி அறைக்குள் வரைக்கும் கேட்டது.

"யாரது வெளியே?" என்றார் தலைவர்.

"நோயாளி சார்," என்றார் தர மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு. "அதாவது, நம்ம நோயாளி."

தலைவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. பெரிய உண்மைகள் பலவும் இப்படித் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. "அந்த நோயாளியக் கேட்டா உண்மை வெளிய போயிடும். இந்த நோயாளியக் கேட்டா?" என்றார் அவர்.

"போகாது!" என்றார் வக்கீலம்மா. "சட்டப்படி இவருக்கு ரகசியமே கிடையாது."

சகலரோகியை உள்ளே அழைத்து வழக்கை விளக்கினார்கள். அவர் தொழில் சுத்தமானவர். கேள்விகள் கேட்டார்.

"ஆளுக்கு என்ன வயசு? பையன் மேல பாசமா, பயமா? வாழ்க்கையில ஏதாவது பாக்கி வெச்சிருக்காரா?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது," என்றார் தலைவர் கண்டிப்பாக. "நோயாளியோட முடிவுல குழு தலையிடக் கூடாது. நீங்க முழுச் சுதந்திரமா முடிவெடுக்கணும்."

தலைவர் எதிரே வந்து உட்கார்ந்தார். உண்மையைப் படிப்படியாக உடைத்துச் சொல்லும் முறை ஒன்று உண்டு. முதலில் நாற்காலியை அருகில் இழுக்க வேண்டும், பிறகு பெருமூச்சு, பிறகு 'ஒரு முக்கியமான விஷயம்' என்று ஆரம்பிக்க வேண்டும். பல நாடுகளில் சொல்லிக்கொடுத்த அந்த முறையை ஒரு மனிதரிடம் செய்து பார்க்கும் வாய்ப்பு தலைவருக்கு அன்றுதான் கிடைத்தது. குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தார்.

சகலரோகி நிமிர்ந்து உட்கார்ந்தார். கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். ஜன்னலைப் பார்த்தார். 'வேண்டாம்' என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வேண்டாம் என்று சொன்னால் காட்சி அதோடு முடிந்துவிடும், சம்மதித்தால் ஒரு தியாகம் இருக்கும், தியாகம் என்றால் கைதட்டல் நிச்சயம் என்று அவருடைய அனுபவம் சொன்னது.

"வெட்டுங்க டாக்டர்," என்றார் கம்மிய குரலில். "நான் கூப்பிட முடியலைன்னா என்ன? என் பிள்ளை என்னை 'அப்பா'ன்னு கூப்பிடறது கேக்கும் இல்ல? எனக்கு அது போதும்."

வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் விசும்பினான். தர மேலாளர் மூக்கைச் சிந்திவிட்டு எழுதினார்: 'நோயாளியின் விருப்பம் நேரில் கேட்டறியப்பட்டது. இதனால் நோயாளிக்கு எவ்வித மன உளைச்சலும் ஏற்படவில்லை.' புற்றுநோய் என்ற செய்தியை ஒரு நோயாளிக்குத் துளி வருத்தமும் இல்லாமல் தெரிவித்த மருத்துவமனை உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

"சார், இவர் நோயாளி இல்லையே!" என்றாள் நர்ஸ்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிஸ்டர்," என்றார் தலைவர் மென்மையாக, "உங்களுக்கு வந்திருக்கிறது 'அறச்சோர்வு'. இந்த மாதிரி வேலையில வர்றதுதான். ஊழியர்களுக்கும் ஆதரவு குடுக்கிறது நம்ம கடமை. வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு மூச்சை இழுத்து விடணும். பேரைக் குடுத்துட்டுப் போங்க."

"ஆபரேஷன் வியாழக்கிழமை சார்."

"அதனாலதான் வெள்ளிக்கிழமை வெச்சிருக்கோம்."

சகலரோகி அன்று வீட்டுக்கு மிதந்துகொண்டு வந்தார். கதவு திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்துவிட்டார். தலைவர் கை கொடுத்ததை, வக்கீலம்மா அழுததை, கடைசி வசனத்தை, எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு அந்த மனுஷன் என்ன சொன்னாரு?"

"எந்த மனுஷன்?"

"நிஜமாவே தொண்டையில வியாதி இருக்கிறவரு."

"அவரை யாரும் கேக்கலையே. அவருக்குப் பதிலாத்தான் நான்."

"ஓகோ," என்றாள் மனைவி. துணியை அலமாரியில் வைத்தாள். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுடைய 'ஓகோ'வுக்குச் சகலரோகி பதில் கண்டுபிடித்ததே இல்லை.

ஆனால் அவரை வார்டுக்கு இழுத்துப்போனது அந்த 'ஓகோ' என்று சொன்னால் அது அவரைப் புகழ்வதாகிவிடும். நடந்தது வேறு. மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்கிற ஆய்வாளர்கள் புதன்கிழமை வரப்போவதாகச் செய்தி வந்தது. மையத்தின் சாதனையை அவர்கள் கண்ணெதிரே இன்னொரு தடவை நடத்திக் காட்ட வேண்டும் என்று தர மேலாளர் கேட்டுக்கொண்டார். மறு காட்சி என்றதும் கலைஞருக்குக் கவலை வந்துவிட்டது. முதல் தடவை கம்மல் குரல் சரியாக அமையவில்லை, கொஞ்சம் ஜலதோஷம் போல இருந்தது என்பது அவர் எண்ணம். அசலை ஒருமுறை கேட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளலாம். புதன்கிழமை காலையிலேயே நோயாளிக் கவுனை மாட்டிக்கொண்டு ஆண்கள் வார்டுக்குப் போய், ஏலக்காரருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் முனகியபடி படுத்தார்.

ஏலக்காரர் அப்போது எதிர்க் கட்டில்காரரின் பிளாஸ்கை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். வார்டே சிரித்துக்கொண்டிருந்தது.

"மூடி கொஞ்சம் லூசு, உடமைக்காரர் மாதிரியேதான்! அதனால சல்லிசா விடறேன்! ஒரு தரம்! ரெண்டு தரம்!" குரல் மணலில் தேய்கிற தகரம் போல இருந்தது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் ஏற்றுவது என்பதெல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. சகலரோகி முனக மறந்து கேட்டார். முதல் காட்சியில் தான் பேசிய குரல் எவ்வளவு மட்டம் என்று அவருக்கு உறைத்தது.

சிரிப்பு அடங்கியதும் ஏலக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, உங்களுக்கு என்ன?"

"தொண்டைங்க."

"அட! எனக்கும் தொண்டைதான். புண்ணுன்னு சொன்னாங்க. உங்களுக்கு?"

சகலரோகி வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. வேஷத்தில் இருக்கிற நோயாளிக்கு எல்லாம் தெரியும். கட்டிலில் இருக்கிற நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. வேஷத்துக்கு உண்மையாக இருந்தால் உண்மை வெளியே வந்துவிடும். பொய் சொன்னால் நடிப்பு கெட்டுவிடும். ராஜாவாக இருந்த காலத்தில் கூட இப்படி ஓர் இக்கட்டில் அவர் மாட்டியதில்லை.

"எந்த டாக்டர் உங்களுக்கு?" என்றார் ஏலக்காரர்.

வழக்கில் கேட்டிருந்த சர்ஜனின் பெயரைச் சகலரோகி சொன்னார்.

"எனக்கும் அவர்தான். எப்ப ஆபரேஷன்?"

"வியாழக்கிழமை."

"எனக்கும் வியாழக்கிழமைதான்." ஏலக்காரரின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. "உங்களுக்கு என்ன பண்ணப் போறாங்க தம்பி?"

வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்து, எவன் வாங்குவான், எவன் சும்மா கை தூக்குகிறான் என்று கண்டுபிடித்த கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சகலரோகியால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"கேன்சர்ங்கண்ணே," என்றார். "குரல்வளைய எடுத்துடுவாங்க. அப்புறம் பேச முடியாது."

ஏலக்காரர் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தார்.

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

கைதட்டலைக் கேட்டு என்பதுதான் நேர்மையான பதில். சகலரோகிக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ வியாதிகளை நடித்தவருக்கு அந்த வலி மட்டும் எங்கே என்று சுட்டிக்காட்டத் தெரியவில்லை. "அண்ணே, நான் நோயாளி இல்ல. நடிகன்," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நடிகன்னு நீங்க வந்து படுத்தப்பவே தெரியும்," என்றார் ஏலக்காரர். "நிஜ நோயாளி எவனும் இவ்வளவு சுருதியா முனக மாட்டான்." பிறகு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார். "இந்தக் குரல்தான் தம்பி நான். வேற சொத்து எனக்கு என்ன இருக்கு? குடுக்கிறதா வேண்டாமான்னு யோசிக்கணும். யோசிக்கிறதுக்கு முதல்ல விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்ல?" கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். "அந்த ரூமு எங்க இருக்கு?"

அறநெறி ஆதரவு மையத்தில் ஆய்வாளர்கள் இருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. இரண்டு பேர் கையிலும் மதிப்பெண் தாள். தலைவர் முன்னுரையை முடித்துவிட்டு நோயாளியை அழைத்தார். சகலரோகி ஏலக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நோயாளியின் நாற்காலியில் உட்கார வைத்தார். வக்கீலம்மாவும் தர மேலாளரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை நாள் இந்த வழக்கை அலசிய குழுவில் ஒருவர் கூட ஏலக்காரரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"யார் இவரு?" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில்.

"நோயாளி சார்," என்றார் சகலரோகி.

"புது ஆளா? முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, சரி, ஆரம்பிப்போம்." தலைவர் நாற்காலியை இழுத்தார். பெருமூச்சு விட்டார். "ஒரு முக்கியமான விஷயம்..."

"விஷயம் தெரியும் சார்," என்றார் ஏலக்காரர். "எனக்கு வேற நாலு விஷயம் தெரியணும். வெட்டாட்டி என்ன ஆகும்? வேற வைத்தியம் இருக்கா? வெட்டின பிறகு நான் எப்படிப் பேசறது? எல்லாத்துக்கும் மேல, என் தொண்டைல இருக்கிறதை என்னைத் தவிர ஊருக்கே சொன்னது யாரு?"

தலைவர் தடுமாறினார். உண்மையைப் படிப்படியாகச் சொல்லும் முறையில் நோயாளி கேள்வி கேட்கிற படி கிடையாது.

"கொஞ்சம் மிகையா இருக்கு," என்று உயர ஆய்வாளர் குட்டை ஆய்வாளரிடம் முணுமுணுத்தார். "நிஜ நோயாளி இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க."

"குரலும் ஒட்டலை," என்றார் குட்டையானவர். "கம்மல் ரொம்பச் செயற்கையா இருக்கு."

"போன தடவை நடிச்சவர் இதைவிட இயல்பா பண்ணாருங்க," என்று வக்கீலம்மா மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார். "சட்டுனு சம்மதிச்சுட்டாரு."

"நான் வியாழக்கிழமைக்குச் சம்மதிக்கலை," என்றார் ஏலக்காரர்.

"நீங்க ஏற்கெனவே சம்மதிச்சாச்சுங்க!" என்றார் தர மேலாளர், தன் குறிப்பைத் தட்டிக் காட்டி. "இங்க பாருங்க, நேரில் கேட்டறியப்பட்டதுன்னு இருக்கு. இப்ப மாத்தினா ஆவணத்துக்கும் நோயாளிக்கும் முரண்பாடு வந்துடும்."

"அப்ப ஆவணத்தை வெட்டுங்க!"

அப்போது கதவு திறந்தது. ஆய்வாளர்கள் முன்னால் குடும்பப் பிரதிநிதியாக உட்காருவதற்காக வந்த மகன், நாற்காலியில் இருப்பவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அப்பா!"

ஏலக்காரர் எழுந்தார். இந்த மகனை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு கையையும் பாதி தூக்கியபடி நின்றார்.

"டேய்," என்றார். அந்தத் தகரக் குரலும் உடைந்தது. "உங்கம்மாவைக் கொன்னது உண்மை இல்லடா. வியாதிடா. அவகிட்ட உண்மையச் சொன்னதாலதான் கடைசி மாசம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். கல்யாணம் ஆன நாள்லருந்து பேசாததெல்லாம் பேசினோம். எனக்கு அந்த ஒரு மாசத்தைக் கூடக் குடுக்காம ஊமையாக்கப் பார்த்தியேடா!"

மகன் அவர் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். சகலரோகி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் கண்ணீர் வந்தது. வரவழைக்காமல் வந்ததால் எங்கே துடைப்பது என்று தெரியாமல் கவுனிலேயே துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அப்பாவா வந்தவர் சுமார்தான்," என்றார் உயரமானவர். "ஆனா மகனா நடிச்ச பையன் அபாரம்!"

மருத்துவமனைக்கு முதல் தரச் சான்று கிடைத்தது.

ஏலக்காரர் வியாழக்கிழமை ஆபரேஷன் அறைக்குப் போக மறுத்துவிட்டார். நர்ஸ் சர்ஜனை வார்டுக்கே வரவழைத்தாள். சர்ஜனுக்கு விழித்திருக்கிற நோயாளியுடன் பேசிப் பழக்கம் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் உட்கார்ந்து, படம் போட்டு, பொறுமையாகச் சொன்னார். கதிர் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் கட்டி பெரிதாகிவிட்டதால் பலிக்கும் என்று உறுதி இல்லை. வெட்டி எடுப்பதுதான் நம்பிக்கையான வழி. பிறகு கருவி வைத்து ஒரு மாதிரி பேசப் பழகலாம், அது பழைய குரலாக இருக்காது. சில நாள் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடுமா என்று ஏலக்காரர் கேட்டார். முழுகாது என்றார் சர்ஜன்.

அந்தச் சில நாட்களை ஏலக்காரர் வீணாக்கவில்லை. திட்ட வேண்டியவர்கள் எல்லோரையும் வரவழைத்தார். வெகு காலமாகத் திட்டாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்த சம்பந்தியைச் சாயங்காலம் முழுக்கத் திட்டினார். சம்பந்தி திட்டு வாங்கிக்கொண்டே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். சண்டை போட்டுப் பிரிந்த தங்கையைப் போனில் கூப்பிட்டு, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, சமாதானத்தில் முடித்தார். மாலையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிக் கேட்டான். அவர் சொன்னார். சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்து காற்றாக வந்தபோதும் அவன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டான். சகலரோகி தினமும் வந்து அடுத்த கட்டிலில் உட்கார்ந்தார், முனகாமல்.

எல்லாம் பேசித் தீர்ந்த ஒரு காலையில் ஏலக்காரர் சர்ஜனைக் கூப்பிட்டனுப்பினார். கையெழுத்தைத் தானே போட்டார். "இப்ப வெட்டுங்க," என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏலக்காரர் கண் விழித்தபோது மகன் பக்கத்தில் இருந்தான். அவர் கூப்பிடப் பார்க்கவில்லை. கையை நீட்டினார், அவன் பிடித்துக்கொண்டான்.

செய்தி மையத்தை எட்டியதும் அங்கே ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். நம் நோயாளியும் 'வெட்டுங்க' என்றார், நிஜ நோயாளியும் 'வெட்டுங்க' என்றார், ஆகவே முறை நூற்றுக்கு நூறு துல்லியமானது என்று நிரூபணமாகிவிட்டது, இனிமேல் எந்த நோயாளியையும் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. இதைப் பற்றிப் பேசத் தலைவரை இன்னும் பல நாடுகள் அழைத்திருக்கின்றன. நர்ஸ் மட்டும் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இன்றுவரை போகவில்லை. மூச்சு தானாகவே வருகிறது என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் மையம் வெற்றியில் கடமையை மறக்கவில்லை. நடந்த விவகாரத்தில் தவறு எங்கே என்று விசாரிக்காமல் விட்டால் அது என்ன அறநெறி? சகலரோகியை அழைத்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"வார்டுக்குப் போனீங்களா?" என்றார் வக்கீலம்மா.

"போனேன்."

"நோயாளிகிட்ட வியாதியைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யார் அனுமதி குடுத்தது?"

"அவர் கேட்டாருங்க."

"கேட்டா சொல்லிடறதா?" தலைவரின் குரல் உண்மையாகவே வருத்தத்தில் நடுங்கியது. "நாங்க இத்தனை பேர் இருக்கோமே, ஒருத்தராவது சொன்னோமா?"

அன்றோடு சகலரோகிக்கு வேலை போயிற்று. மையம் தொடங்கிய நாள் முதல் அந்த மருத்துவமனையில் அறநெறி மீறியதாக நிரூபிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.